நோய் விட்டு எழுந்தவருக்கு ஒரு சீனக் கோழி சூப்: எப்போது, எதைப் போட்டு, எப்படிச் செய்வது

காய்ச்சல் விட்டிருக்கும். ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருக்கும், மத்தியானம் ஆனால் படுக்கைதான் கூப்பிடும். நோய் போய்விட்டது, தெம்பு இன்னும் வரவில்லை. இந்த இடைப்பட்ட நாட்களுக்கென்றே தென் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் பெரிய சூப் மரபு ஒன்று உண்டு. அங்கிருந்து கப்பலேறியவர்களோடு அது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்தது. அந்த ஊர்களில் வாழும் தமிழர்கள், அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து மாலையில் வரும் அந்த வேர் வாசனையை நன்றாக அறிவார்கள்.

கோழி, சீன வள்ளிக்கிழங்கு, கோஜி என்ற சின்னச் சிவப்பு உலர்பழம், சிவப்பு இலந்தை, இரண்டு வேர்கள் சேர்த்து, கொதிக்க விடாமல் மூன்று மணி நேரம் வேகவைக்கும் தெளிந்த சூப்தான் இங்கே நாம் செய்யப் போவது. செய்வது கடினமில்லை. எந்த நாளில் எதைப் போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பொருட்களின் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டால், நல்ல சூப்பைத் தவறான ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்.

முதலில் நாள் பார்க்க வேண்டும்

உடம்பில் காய்ச்சல், சளி, தொண்டை வலி இருக்கும்போது ஊட்டம் தரும் வேர்களைக் கொடுக்கக் கூடாது என்பது சீன மரபின் உறுதியான விதி. வீட்டுக்குள் திருடன் இருக்கும்போதே கதவைச் சாத்துவது போல என்று அவர்கள் இதைச் சொல்வார்கள். கான்டனீஸ், அதாவது குவாங்டாங் வழிப் பாட்டிமார் பலர் அந்த நாட்களில் கோழியையே ஒதுக்கிவிடுவார்கள். அப்போது கொடுப்பது நீர்த்த அரிசிக் கஞ்சி மட்டும்தான். ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர், சிட்டிகை உப்பு, வேண்டுமானால் இஞ்சி இரண்டு இழை. நம் வீடுகளில் பத்தியம் என்று கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் உடனே பலமான சூப்புக்குத் தாவ வேண்டாம். பலவீனமான உடம்பு பலமான ஊட்டத்தைத் தாங்காது என்று சீனத்தில் ஒரு வழக்கு உண்டு. அதைச் சோதிக்க அவர்கள் நாக்கைப் பார்ப்பார்கள். நாக்கில் தடித்த வெள்ளைப் படிவு இருந்து, பசியும் இல்லை, வயிறும் உப்பலாக இருக்கிறது என்றால் வேர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வள்ளிக்கிழங்கு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் கோழி ஆகியவற்றோடு மெலிதான சூப் போதும். நாக்கு தெளிந்து, பசி எடுத்து, 'இன்னொரு வாய் குடு' என்று அவரே கேட்கிற நாளில்தான் டாங் ஷென், ஹுவாங் ச்சி என்ற வேர்கள் உள்ளே வரலாம்.

சூடு, குளிர்ச்சி பார்த்துச் சாப்பிடும் பழக்கம் நமக்கும் இருப்பதால் இதைப் புரிந்துகொள்வது எளிது. ஹுவாங் ச்சியும் சிவப்பு இலந்தையும் அவர்கள் கணக்கில் கொஞ்சம் சூடு. வாய்ப்புண், மலச்சிக்கல், தொண்டைக் கரகரப்பு இருப்பவருக்கு இவற்றைத் தள்ளிப் போடுவார்கள்.

என்னென்ன வேண்டும்

நான்கு கிண்ணம் சூப்புக்கான அளவு இது:

- தோல் நீக்கிய நாட்டுக்கோழி, 500 முதல் 600 கிராம்
- உலர்ந்த ஹுவாய் ஷான், அதாவது சீன வள்ளிக்கிழங்குத் துண்டுகள், 20 கிராம்
- டாங் ஷென் வேர், 15 கிராம்
- ஹுவாங் ச்சி வேர்த் துண்டுகள், 10 கிராம்
- சிவப்பு இலந்தை, 6
- கோஜி, ஒரு மேசைக்கரண்டி
- சென் பீ எனப்படும் உலர்ந்த ஆரஞ்சுத் தோல், பெருவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு
- இஞ்சி, 3 வட்டத் துண்டுகள்
- கொதிநீர், 1.2 லிட்டர்
- உப்பு, கடைசியில் கொஞ்சம்

கான்டனீஸ் வீடுகளில் இதோடு 100 கிராம் கொழுப்பில்லாத பன்றி இறைச்சியும் போடுவார்கள், அது இயல்பான இனிப்பைக் கொடுக்கும். வேண்டாதவர்கள் அதை விட்டுவிடலாம். கோழி எலும்பைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.

மேலே சொன்னதெல்லாம் மாண்டரின் பெயர்கள். கான்டனீஸ் கடைக்காரர் ஹுவாங் ச்சியை பாக் கேய் என்பார். பழைய பாணிக் கடைகளில் சிலர் இன்னும் தாயல் கணக்கில்தான் நிறுப்பார்கள். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ஒரு தாயல் சுமார் 38 கிராம், அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு ச்சியென். ஆக, டாங் ஷென் நாலு ச்சியென் என்று கேட்டால் சரியாக வரும்.

ஒவ்வொன்றும் எதற்காக உள்ளே போகிறது என்று தெரிந்தால், எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதும் புரியும்.

ஹுவாய் ஷான்தான் இந்த சூப்பின் அடித்தளம். நம் காவள்ளி, வெற்றிலைவள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த கிழங்கு. இதில் ஹெனான் மாகாணத்தில் விளைவதற்குத்தான் பெயர் அதிகம். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்த, சாய்வாக வெட்டிய துண்டுகளாகக் கிடைக்கும். வயிற்றுக்கு இதமானது, பசியைத் திருப்பிக் கொண்டுவருவது என்று சொல்லித்தான் இதை முதலில் போடுகிறார்கள். பச்சையாகக் கிடைத்தால் 200 கிராம் எடுத்து, கடைசி 40 நிமிடத்தில் சேர்க்கலாம். தோல் சீவும்போது கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

டாங் ஷென் நீளமான, சுருங்கிய, பழுப்பு நிற வேர். விலை கூடிய ஜின்செங்குக்குப் பதிலாக வீட்டுச் சமையலில் வருவது இதுதான். ஜின்செங்கைவிட மென்மையானது, சுவையில் இனிப்பு. நோயிலிருந்து எழுந்தவருக்கு ஜின்செங்கைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஜின்செங் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், அந்த நாட்களில் தூக்கத்தைவிடப் பெரிய மருந்து ஏது?

ஹுவாங் ச்சி அவரைக் குடும்பத்துச் செடியின் வேர். ஐஸ் குச்சி போலச் சாய்வாகச் சீவி விற்பார்கள். நல்லதா என்று பார்க்க ஒரு துண்டைக் கடித்து மெல்லுங்கள். முதலில் பச்சைப் பட்டாணி வாசனை வரும், மென்றுகொண்டே இருந்தால் மெதுவாக இனிப்பு ஏறும். சக்கை மட்டும் மிஞ்சி ஒரு ருசியும் வராவிட்டால் அது பழைய சரக்கு.

சிவப்பு இலந்தையை நம்மில் பலர் சிவப்புப் பேரீச்சை என்று சொல்கிறோம். அது பேரீச்சையே இல்லை, நம் இலந்தையின் சீன உறவு. அரபு நாட்டுப் பேரீச்சையைப் போட்டால் சூப் பாகு மாதிரி ஆகிவிடும். கொட்டையை எடுத்துவிட்டுப் போட வேண்டும், கொட்டை சூட்டைக் கிளப்பும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சென் பீ இந்தப் பட்டியலிலேயே சின்னப் பொருள், ஆனால் இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். குவாங்டாங்கின் சின்ஹுயி பகுதித் தோல்தான் புகழ் பெற்றது. குறைந்தது மூன்று வருடம் பழுத்ததையே சென் பீ என்பார்கள். கோழியின் கவிச்சியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இது அடக்கிவிடும்.

வாங்கும்போது கண்ணும் மூக்கும்

ஹுவாய் ஷான் தாளைப் போல வெளுத்து, மோந்தால் மூக்கில் புளிப்பாக ஏறினால் கந்தகப் புகை போட்டதாக இருக்கலாம், வேண்டாம். இலேசான மஞ்சள் கலந்த வெள்ளைதான் இயல்பு. கோஜி எல்லாம் ஒரே மாதிரிச் செக்கச்செவேலென்று பளபளத்தாலும் சந்தேகப்படுங்கள். நல்ல கோஜியின் காம்புப் பக்கத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும், நிறமும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். தண்ணீரில் போட்டதும் சிவப்புச் சாயம் ஓடினால் அது சாயமேற்றிய சரக்கு.

பெயர் தெரியாத வேர்கள் கலந்த 'ரெடி பாக்கெட்' எதையும் வாங்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், மெலிவதற்காகக் கொடுத்த சீன மூலிகைக் கலவையில் ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்து வேறொரு வேர் கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்ததால் வந்த விபரீதம் அது. நாம் இங்கே பயன்படுத்துபவை அன்றாடச் சமையல் பொருட்கள்தான், ஆனாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பெயர் சொல்லி, நம்பகமான கடையில் வாங்குங்கள்.

கோழிக்கு வருவோம். சீனர்கள் நோயாளிக்கு விரும்புவது கருங்கோழியை, வெள்ளைப் பட்டு மாதிரி இறகும் கறுத்த தோலும் எலும்பும் கொண்ட இனம். இந்தியாவில் கிடைக்கும் கடக்நாத் வேறு இனம் என்றாலும், அதன் கறுப்புக்கும் காரணம் அதே மரபணு மாற்றம்தான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடக்நாத் கிடைத்தால் இந்த சூப்புக்கு அருமையாக இருக்கும். நாட்டுக்கோழியும் நல்லதே. பிராய்லர்தான் கிடைக்கிறது என்றால் நேரத்தை இரண்டு மணியாகக் குறையுங்கள், மூன்று மணி நேரத்தில் அது நார் நாராகப் பிரிந்துவிடும்.

பாத்திரம்

கான்டனீஸ் சமையலில் சூப்புக்கு மூன்று வழி உண்டு. காய், கீரையோடு சட்டென்று கொதிக்க வைத்து இறக்குவது ஒன்று. பானையில் நேரடித் தீயில் இரண்டு மூன்று மணி நேரம் விடுவது இன்னொன்று, இதைத்தான் லோ ஃபோ தோங் என்பார்கள். மூன்றாவது, மூடிய பீங்கான் குடுவையில் எல்லாவற்றையும் போட்டு, அந்தக் குடுவையைக் கொதிநீர்ப் பானைக்குள் இறக்கி வேகவைப்பது. நோயாளிக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

குடுவைக்குள் இருக்கும் சூப் கொதிநிலையைத் தொடாமல் அதற்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சின்னத் துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்து சூப் கலங்கிவிடும். ஆடாமல் அசையாமல் வெந்தால் கொழுப்பு தனியாக மேலே மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். கீழே தேநீர் நிறத்தில் தெளிந்த சூப் நிற்கும். கொழுப்பைக் கண்டாலே குமட்டுகிற வயிற்றுக்கு அதுதான் வேண்டும். ஆவியும் வெளியே போகாது, அதனால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோமோ ஏறக்குறைய அவ்வளவு சூப் கிடைக்கும்.

சீனக் குடுவை இல்லாவிட்டால் பரவாயில்லை. மூடியுள்ள கனமான எவர்சில்வர் பாத்திரமும், அது முழுதாக உள்ளே போகும் அளவுக்கு ஓர் இட்லிப் பானையும் போதும். அடியில் நாலாக மடித்த துணியைப் போட்டு அதன்மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மணி நேரமும் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும்.

செய்முறை

கோழியின் தோல், வால் பகுதி, கழுத்தடியில் இருக்கும் மஞ்சள் கொழுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். நோயாளிக்கான சூப்பில் கொழுப்பை எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஹுவாய் ஷானை அரை மணி நேரம் ஊறவையுங்கள். டாங் ஷென்னையும் ஹுவாங் ச்சியையும் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்தால் போதும். சென் பீ ஊறியதும் உட்புறத்து வெள்ளைப் பகுதியைக் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள், கசப்பு அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வருவதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோழியை ஒரு பாத்திரத்தில் போட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு இஞ்சியோடு அடுப்பில் வையுங்கள். சுடுநீரில் போடக் கூடாது, போட்டால் இறைச்சியின் வெளிப்பக்கம் சட்டென இறுகி உள்ளே இருக்கும் இரத்தம் அங்கேயே தங்கிவிடும். தண்ணீர் மெதுவாகச் சூடேறும்போது முதலில் வெள்ளையாக நுரை வரும், அப்புறம் சாம்பல் பூத்தது மாதிரி அழுக்கு நுரை திரளும். கொதி வந்து மூன்று நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுங்கள். கோழியை வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொரு துண்டாகக் கழுவி, எலும்பு இடுக்கில் ஒட்டியிருக்கும் கறுத்த இரத்தக் கட்டிகளை விரலால் தள்ளி எடுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் சூப்பில் பிறகு ஒரு நுரைகூட எடுக்க வேண்டியிருக்காது.

இப்போது குடுவையில் முதலில் கோழி, அதன்மேல் ஹுவாய் ஷான், வேர்கள், கொட்டை எடுத்த இலந்தை, சென் பீ, மீதி இஞ்சி. கோஜி இப்போது வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் மேலே வரை ஊற்றி மூடுங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், விளிம்பைச் சுற்றி நனைத்த சமையல் தாளை வைத்து அழுத்துங்கள்.

வெளிப்பானைத் தண்ணீர் குடுவையின் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை இருக்கட்டும். அது நன்றாகக் கொதித்ததும், இலேசாகக் குமிழி வருகிற அளவுக்குத் தீயைக் குறையுங்கள். அங்கிருந்து மூன்று மணி நேரம். அரைமணிக்கொரு முறை வெளிப்பானையைப் பாருங்கள், வற்றியிருந்தால் கொதிநீரையே ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பீங்கான் வெடிக்கலாம், சூடும் இறங்கிவிடும். உள்குடுவையைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

முடிய 20 நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு தடவை திறந்து, கழுவிய கோஜியைப் போட்டு மூடுங்கள். முதலிலேயே போட்டால் கரைந்து சூப்பைப் புளிக்க வைத்துவிடும். சரியான நேரத்தில் போட்ட கோஜி உருண்டு உப்பி, பல்லில் பட்டதும் உடையும்.

அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து உப்புப் போடுங்கள். பசியில்லாத நாக்குக்கு உப்பு குறைவாக இருப்பதே நல்லது, சூப்பில் இயல்பான இனிப்பும் ஏற்கெனவே இருக்கும். மிளகு, மல்லித்தழை எல்லாம் தூவ நமக்குக் கை வரும், ஆனால் இதற்குத் தேவையில்லை. மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வாரி எடுங்கள், மிச்சத்தை சமையல் தாளால் ஒற்றி எடுக்கலாம்.

பிரஷர் குக்கரில் செய்யலாமா என்றால், செய்யலாம். கோஜியைத் தவிர எல்லாம் போட்டு, அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து 35 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கும் வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளே சட்டென்று கொதித்து சூப் கலங்கிப்போகும். கோஜியை அதன்பின் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் போதும். வாசனையில் குடுவை சூப்புக்கு ஒரு படி கீழேதான், ஆனால் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்க எல்லோராலும் முடியாது.

எப்படிக் கொடுப்பது

முதல் நாள் அரைக் கிண்ணம், சுமார் 100 மில்லி. வயிறு ஏற்றுக்கொண்டால் மறுநாள் முழுக் கிண்ணம். கான்டனீஸ் வழக்கப்படி சாப்பாட்டுக்கு முன்னால் சூடாகக் குடிக்க வேண்டும். ஒரு வேளை கொடுத்துவிட்டு ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி கொடுக்கலாம், தினமும் வேண்டியதில்லை.

சத்தெல்லாம் சூப்பில் இறங்கிவிட்டது, கோழி வெறும் சக்கை என்ற நினைப்பு சீன வீடுகளிலும் உண்டு, நம் வீடுகளிலும் உண்டு. அது சரியல்ல. எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் புரதத்தின் பெரும்பகுதி இறைச்சியில்தான் இருக்கும். சூப்பில் இறங்குவது ஜெலட்டின், உப்புகள், ருசி. நோயில் இளைத்த தசை திரும்ப வர அந்தப் புரதம் தேவை. அதனால் இறைச்சியை மெல்லியதாகப் பிய்த்து, வெந்த ஹுவாய் ஷானோடு மசித்து, நாலு வாயாவது சாப்பிட வையுங்கள். கோஜியையும் இலந்தையையும் சாப்பிடலாம், டாங் ஷென்னையும் மெல்லலாம். ஹுவாங் ச்சி மட்டும் நார், எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ஆளுக்கேற்ற மாற்றங்கள்

வறட்டு இருமலும் தொண்டை வறட்சியும் மிச்சமிருந்தால் டாங் ஷென், ஹுவாங் ச்சி இரண்டையும் எடுத்துவிட்டு, யூ சு எனப்படும் வேர் 15 கிராமும் தோல் சீவாத சீனப் பேரிக்காய் ஒன்றும் போடுங்கள். சிலர் பாதாம் பருப்பு போலிருக்கும் சீன ஆப்ரிகாட் பருப்பும் போடுவார்கள். அதில் இனிப்பு, கசப்பு என்று இரண்டு வகை உண்டு, கசப்பு வகையில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. இனிப்பு வகையை மட்டும் வாங்குங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் கோழியைவிட மீன் சூப்தான் முதலில் வரும். அந்த மீன் வேறு எதுவும் இல்லை, நம் விரால் இனம்தான். புண் ஆறச் சதை வளர்க்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மலேசியாவில் மலாய்க்காரர்களும் இதே காரணத்துக்காக ஹருவான் என்று தேடி வாங்குவார்கள். நன்றாகச் சுத்தம் செய்த விரால் துண்டுகளை இஞ்சியோடு கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாகப் பொரியுங்கள். அதன்மேல் கொதிநீரை ஊற்றிப் பெருந்தீயில் 20 நிமிடம் விட்டால் பால் போல வெளுக்கும். கோழி சூப்பில் வேண்டாம் என்று தவிர்த்த அதே கொதிதான் இங்கே கொழுப்பை உடைத்து அந்த நிறத்தைத் தருகிறது. அப்புறம் ஹுவாய் ஷானும் இலந்தையும் போட்டு, சிறுதீயில் இன்னும் 40 நிமிடம். மீனை மெல்லிய துணிப் பையில் கட்டிப் போடுவது கான்டனீஸ் வழக்கம், முள் சூப்பில் வராது. வலுவில்லாமல் படுத்திருப்பவர் தொண்டையில் முள் சிக்கக் கூடாது, அதனால் இதைத் தவிர்க்காதீர்கள்.

சைவர்களுக்கு ஹுவாய் ஷான், பச்சை முளை நீக்கிய தாமரை விதை, நிலக்கடலை, உலர்ந்த ஷிட்டாகே காளான், கேரட், சோளம், சிவப்பு இலந்தை சேர்த்து ஒன்றரை மணி நேரம் வேகவைத்தால் நல்ல இனிப்பான சூப் கிடைக்கும்.

மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாதவர்கள்

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கோஜி வேண்டாம், மாத்திரையின் வேகத்தை அது கூட்டியதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் ஹுவாங் ச்சியைத் தொடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு இலந்தையை இரண்டாகக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்குப் பொட்டாசியமும் குடிக்கும் நீரின் அளவும் கணக்கு, மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுங்கள். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவருக்கு இறைச்சியை நெடுநேரம் காய்ச்சிய எந்த சூப்பும் ஆகாது, யூரிக் அமிலமாக மாறும் பியூரின் எல்லாம் அதில் இறங்கியிருக்கும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்குப் பாலூட்டுபவர்களும் வேர்களை விட்டுவிட்டுக் கோழி, இஞ்சி, வள்ளிக்கிழங்கோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

காய்ச்சல் திரும்ப வந்தாலோ, மூச்சுத் திணறல், மார்வலி, தொடர்ந்த வாந்தி என்று எது வந்தாலோ சூப்பை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மிச்சமான சூப்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஆறியதும் வேர்களை எடுத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் திறக்கும்போது கொழுப்பு மேலே வெள்ளைப் படலமாக உறைந்திருக்கும், அதைக் கரண்டியால் அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, குடிக்கிற அளவை மட்டும் எடுத்துக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.